அத்தையின் டாலர்

என் அத்தைக்கு எழுபத்து மூன்று வயது. நாலைந்து வருடமாகக் கழுத்தில் ஒரு கறுப்பு டாலர் போட்டிருந்தார். தங்கமில்லை, வெள்ளியில்லை, அதில் சாமி படமும் இல்லை. பத்து ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிய வட்டக் கல். 'ஸ்கேலார் எனர்ஜி' டாலராம். எரிமலைக் குழம்பில் செய்ததாம்.

விற்றவர் தெரிந்தவர்தான். வீட்டுக்கு வந்தார், காபி சாப்பிட்டார், அத்தையை ஒற்றைக் காலில் நிற்கவைத்து, நீட்டிய கையை லேசாக அழுத்தினார். அத்தை சாய்ந்தார். டாலரை மாட்டிவிட்டு மறுபடி அழுத்தினார். அத்தை சாயவில்லை. "பாத்தீங்களாம்மா!" என்றார். விலை 2,500 ரூபாய். செல்போன் ரேடியேஷன் உடம்பில் ஏறாது, மூட்டுவலி போகும், ராத்திரி தண்ணீரில் போட்டுவைத்துக் காலையில் குடித்தால் சுகர் இறங்கும். மூன்று பேரைச் சேர்த்துவிட்டால் கமிஷன் வேறு உண்டு. அத்தை யாரையும் சேர்க்கவில்லை. ஆனால் தண்ணீர் குடித்தார்.

எங்கள் அபார்ட்மென்ட் இரண்டாவது மாடியில் ஒரு இன்ஜினீயரிங் மாணவன் இருக்கிறான். சனிக்கிழமையானால் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் ஒரு பை நிறைய ஐ.சி., கெபாசிட்டர், ஒயர் என்று அள்ளிக்கொண்டு வந்து, மொட்டை மாடியில் சால்டரிங் அயனோடு உட்கார்ந்துவிடுவான். அவன் அப்பாவுக்கு இது பிடிக்காது. 'இதெல்லாம் இன்டர்வியூவில் கேப்பானா?' என்பார். போன வருடம் அவன் செய்தது ஒரு கெய்கர் கவுண்டர்.

விஷயம் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. ஹான்ஸ் கெய்கர், வால்டர் முல்லர் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் 1928லேயே செய்து காட்டியதுதான். மூடிய குழாய்க்குள் கொஞ்சம் வாயு. குழாய்க்கு நானூறு வோல்ட் கொடுக்க வேண்டும். கதிரியக்கத் துகளோ காமா கதிரோ உள்ளே மாட்டினால், அந்த வாயுவில் ஒரு கணம் மின்சாரம் பாயும். ஸ்பீக்கரில் 'டிக்'. பையன் வாங்கியது எஸ்.பி.எம்-20 என்ற பழைய சோவியத் யூனியன் சரக்கு. நாடு போய்விட்டது, குழாய் மட்டும் நெட்டில் விலைக்குக் கிடைக்கிறது. ஒன்பது வோல்ட் பாட்டரியை நானூறாக ஏற்ற ஒரு சின்ன சர்க்யூட், எண்ணிச் சொல்ல ஒரு ஆர்டுயினோ போர்டு. அவ்வளவுதான்.

பக்கத்தில் எதையும் வைக்காமலே நிமிடத்துக்கு இருபது தடவை போல 'டிக்' என்றது. எனக்குப் பகீரென்றது.

"பயப்படாதீங்க அங்கிள். இது பேக்ரவுண்டு. மண்ணுலேர்ந்து, செவுத்துலேர்ந்து, வானத்துலேர்ந்து எப்பவும் வந்துட்டேதான் இருக்கும். நம்ம உடம்புலேர்ந்தும் வரும், பொட்டாசியம் இருக்குல்ல."

பெட்ரோமாக்ஸ் விளக்கின் பழைய மேன்டில் ஒன்றைக் கிட்டே கொண்டுபோனான். 'டிக்'குகள் வேகமெடுத்தன. அந்த வலையில் பளீரென்ற வெளிச்சத்துக்காக தோரியம் சேர்ப்பார்கள். (பல கம்பெனிகள் பிற்பாடு வேறு உலோகத்துக்கு மாறிவிட்டன.) எத்தனை கல்யாணப் பந்தல்களில், எத்தனை சாமி ஊர்வலங்களில் அந்த விளக்கைத் தலையில் சுமந்துபோனார்கள்! அந்த தோரியம் வேறெங்கிருந்தும் வரவேண்டியதில்லை. 1909ல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மானியர் கன்னியாகுமரிப் பக்கம் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்தபோது, அந்த மணலுக்கு மவுசு வந்ததே இந்த மேன்டில் வியாபாரத்தால்தான்.

அப்போது அத்தை வடாம் எடுக்க மாடிக்கு வந்தார். சும்மா தமாஷுக்காகத்தான், "அத்தை, அந்த டாலரைக் கொஞ்சம் கழட்டுங்களேன்" என்றேன்.

கவுண்டர் மணலில் கடலை வறுக்கிற மாதிரி பொரிந்தது. நிமிடத்துக்கு இருநூறுக்கு மேல்.

பையன் என்னைப் பார்த்தான். நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை டாலரைப் பார்த்தார்.

* * *

இது என் அத்தைக்கு மட்டும் நடந்ததில்லை. 2021 டிசம்பரில் நெதர்லாந்து நாட்டின் அணு பாதுகாப்பு அமைப்பு ஒரு எச்சரிக்கை விட்டது. '5ஜி கதிர்வீச்சிலிருந்து காக்கும்' என்று விற்கப்பட்ட டாலர், வளையல், கண்பட்டி எனப் பத்து அயிட்டங்களைச் சோதித்ததில் எல்லாமே கதிரியக்கம் உள்ளவை. அதில் குழந்தைகள் வளையலும் ஒன்று. போடாதீர்கள், கழற்றிப் பத்திரமாக வையுங்கள் என்றார்கள். இந்த வகை டாலர்கள் பலவற்றில் இருப்பது தோரியமும் யுரேனியமும் கலந்த தாதுப்பொடி. 'நெகடிவ் அயனி' வரவேண்டும் என்பதற்காகச் சேர்க்கிறார்களாம்.

அத்தைக்கு நாளைக்கே புற்றுநோய் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. நெதர்லாந்துக்காரர்களும் சொல்லவில்லை. அளவு குறைவுதான், ஆனால் ராத்திரி பகலாகத் தோலோடு ஒட்டி வருடக்கணக்கில் கிடந்தால் கெடுதல் வரலாம் என்றார்கள். எனக்குக் கோபம் அளவைப் பற்றியதல்ல. கடிக்கும் என்று பயமுறுத்தியே ஒரு குட்டிப் பாம்பை 2,500 ரூபாய்க்கு விற்றுவிட்டுப் போயிருக்கிறார்கள். சாட்சி சொல்ல வந்தது, 'இன்டர்வியூவில் கேப்பானா' என்று திட்டு வாங்கிய அந்தப் பெட்டி.

நான் பி.காம் படித்தவன். இயற்பியல் எனக்குப் பத்தாம் வகுப்போடு சரி. ஆனால் கணக்குப் பதிவியலில் முதல் வருடமே சொல்லிக் கொடுத்தது ஒன்று உண்டு. கணக்கு எழுதுகிறவனே தணிக்கையும் செய்யக்கூடாது. கதிர்வீச்சு விஷயத்தில் நாம் அதைத்தான் அனுமதித்துக்கொண்டிருக்கிறோம். பயத்தை விற்பவன் அவனே அளந்து காட்டுகிறான். 'பயமே வேண்டாம்' என்று சொல்கிற அரசாங்கமும் அதுவே அளந்துகொள்கிறது. நடுவில் நாம், ஒற்றைக் காலில் நிற்கிறோம்.

முதலில் விற்பவர்களைப் பார்ப்போம்.

எங்கள் அசோசியேஷன் செக்ரட்டரி 1,800 ரூபாய்க்கு ஒரு 'ரேடியேஷன் மீட்டர்' வாங்கினார். எதிர்த் தெரு மாடியில் ஒரு செல்போன் டவர் இருக்கிறது. மீட்டரை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வந்தார். மிக்ஸி பக்கத்தில் வைத்தால் சிவப்பு லைட். ஃபிரிட்ஜ் பக்கத்தில் சிவப்பு லைட். பால்கனியில் சிவப்பு லைட். பீதி கிளம்பிவிட்டது. அடுத்த கூட்டத்தில், ஆளுக்கு ஒரு ஆன்டி-ரேடியேஷன் ஸ்டிக்கர், தலைக்கு 499 ரூபாய் என்று தீர்மானம் போடுகிற அளவுக்குப் போனது. ஸ்டிக்கர் விற்கிற இடமும், மீட்டர் வாங்கின இடமும் ஒன்றேதான் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

தமிழில் ஒரு வசதி, ஒரு அவஸ்தை. சைக்கிளும் 'வண்டி', லாரியும் 'வண்டி'. அதே மாதிரி செல்போன் டவரிலிருந்து வருவதும் 'கதிர்வீச்சு', அணு உலையிலிருந்து வருவதும் 'கதிர்வீச்சு'. இரண்டும் ஒன்றில்லை. டவர் அனுப்புவது ரேடியோ அலை. அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கிப் போடுகிற சக்தி அதற்குக் கிடையாது. எக்ஸ்ரேக்கும் காமா கதிருக்கும் உண்டு. கெய்கர் கவுண்டரை டவருக்குக் கீழே கொண்டுபோனால் அதே இருபது 'டிக்'தான். செக்ரட்டரியின் மீட்டரை அத்தை டாலர் மேல் வைத்தால் பச்சை லைட்! இதை நாங்கள் செய்தே பார்த்தோம். செக்ரட்டரி, "பாத்தீங்களா சார், டாலர்ல ஒண்ணும் இல்ல" என்றார்.

மிக்ஸி பக்கத்தில் சிவப்பு எரிந்தது, மோட்டாரைச் சுற்றியுள்ள சாதாரண மின்காந்தப் புலத்தால். அதையும் டவர் சமாச்சாரத்தையும் ஒரே லைட்டில் போட்டுக் குழப்புகிற மீட்டர் அது. டவர் பற்றி நிஜமாகவே சந்தேகம் இருந்தால் அதற்கும் வழி இல்லாமல் இல்லை. 2012 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து இந்தியா தன் டவர் வரம்பை, சர்வதேச அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. 2017ல் 'தரங் சஞ்சார்' என்ற இணையதளம் வந்தது. அதில் 4,000 ரூபாய் கட்டினால் ஆள் வந்து முறையாக அளந்துவிட்டுப் போவார்கள் என்று ஏற்பாடு. எங்கள் அபார்ட்மென்ட்டில் முப்பது வீடு. ஸ்டிக்கருக்கு 14,970 ரூபாய். அளப்பதற்கு 4,000. ஸ்டிக்கர்தான் ஜெயித்தது. நானும் இன்னும் நாலு பேரும் மட்டும் வாங்கவில்லை. லிஃப்ட்டில் எங்களை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

பாவம், செக்ரட்டரியை மட்டும் சொல்லிப் பயனில்லை. 2020 அக்டோபரில் மத்திய அரசு அமைத்த பசு நல ஆணையத்தின் தலைவரே மேடையில் ஒரு சாணச் சிப்பைக் காட்டி, இதைப் போனில் வைத்தால் கதிர்வீச்சு குறையும் என்றார். ஆதாரத்தைக் காட்டுங்கள் என்று விஞ்ஞானிகள் கையெழுத்துப் போட்டுக் கேட்டார்கள். சாணம் நல்ல உரம். வறட்டி நன்றாக எரியும். அதற்கு மேல் அதன் தலையில் ஏன் பாரம் ஏற்றுகிறார்கள்?

* * *

அடுத்து, 'பயமே வேண்டாம்' கட்சி.

2011 மார்ச் 11. ஜப்பானில் நிலநடுக்கம், சுனாமி, ஃபுகுஷிமா அணு உலை விபத்து. இங்கே நமக்கு என்ன எஸ்.எம்.எஸ். வந்தது, ஞாபகமிருக்கிறதா? 'பி.பி.சி. செய்தி: கதிரியக்க மழை ஆசியா முழுக்க வருகிறது, கழுத்தில் பெட்டாடின் தடவுங்கள்.' சுத்தப் புளுகு. பி.பி.சி. அப்படிச் சொல்லவே இல்லை. அந்த வாரம் எத்தனை கழுத்துகள் பழுப்பானதோ!

அதே நேரத்தில் ஜப்பான் அரசாங்கம் என்ன செய்தது? உலையைச் சுற்றி வரைபடத்தில் வட்டம் போட்டது. முதலில் சின்ன வட்டம், பிறகு இருபது கிலோமீட்டர் வட்டம். காற்று எந்தப் பக்கம் அள்ளிக்கொண்டு போகும் என்று கணக்கிட அவர்களிடம் 'ஸ்பீடி' என்று ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடு இருந்தது. ஆனால் ஜனங்கள் ஊரைவிட்டு ஓடிக்கொண்டிருந்த நாட்களில் அதன் கணிப்பை வெளியே சொல்லவில்லை. நாமியே ஊர் ஜனங்கள் பிழைத்தோம் என்று வடமேற்கே சுஷிமா என்ற பகுதிக்குப் போய்த் தங்கினார்கள். கதிரியக்கக் காற்றும் அதே வடமேற்கேதான் போனது. பள்ளிக்கூடத்தில், வாசலில், குழந்தைகளோடு அங்கேயே நாட்களைக் கழித்தார்கள். இன்னொரு பக்கம், இடாடே என்ற கிராமம் அந்த இருபது கிலோமீட்டர் வட்டத்துக்கு நன்றாக வெளியே இருந்தது. அங்கேயும் படிவு அதிகம் என்று ஏப்ரலில்தான் காலி செய்யச் சொன்னார்கள்.

இந்த நிலையில் சில பேர், கெய்கர் கவுண்டரை எங்கும் வாங்க முடியாமல், தாங்களே செய்ய ஆரம்பித்தார்கள். 'சேஃப்காஸ்ட்' என்று பெயர். கம்ப்யூட்டர்காரர்கள், எலெக்ட்ரானிக்ஸ் பைத்தியங்கள், டீச்சர்கள், வீட்டம்மாக்கள். ஒரு சின்னப் பெட்டிக்குள் கவுண்டர், ஜி.பி.எஸ்., மெமரி கார்டு. அதைக் கார் ஜன்னலில் மாட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போனார்கள். சில விநாடிக்கு ஒரு தடவை, இந்த இடத்தில் இவ்வளவு என்று பெட்டி எழுதிக்கொண்டே வரும். அத்தனையையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் போட்டார்கள். இன்று அதில் பத்து கோடி அளவீடுகளுக்கும் மேல் இருக்கிறது. அணுசக்தி வேண்டும், வேண்டாம் என்று அவர்கள் எந்தப் பக்கமும் பேசவில்லை. பேசியிருந்தால் ஒரு பாதி ஜனம் நம்பாமல் போயிருக்கும்.

அந்தப் பெட்டி காட்டியதெல்லாம் பயங்கரம் என்றும் நினைக்க வேண்டாம். ஆபத்தான தெரு எது என்று சொன்ன மாதிரியே, எந்தத் தெருவில் பிள்ளைகளை விளையாட விடலாம் என்றும் சொன்னது. ஒரு தாய்க்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

இப்போது கூடங்குளத்துக்கு வாருங்கள். அதே 2011. இடிந்தகரையில் ஆயிரக்கணக்கான மீனவக் குடும்பங்கள் உண்ணாவிரதம். நவம்பரில் அப்துல் கலாம் வந்து உலையைப் பார்த்துவிட்டு, பாதுகாப்பாக இருக்கிறது என்றார். எதிர்த்தரப்பு, இல்லை என்றது. இரண்டு பக்கமும் கற்றவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்தக் கடற்கரைப் பெண்மணியின் கையில் என்ன இருந்தது? நம்பு அல்லது நம்பாதே, இந்த இரண்டுதான். உலை ஓடுவதற்கு முன் எங்கள் ஊரில் இவ்வளவு இருந்தது, இன்றைக்கு இவ்வளவு என்று அவரே எழுதிவைத்த ஒரு நோட்டு இருந்திருந்தால், பேச்சே வேறு மாதிரி போயிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. தென் மாவட்டக் கடற்கரையில் இது மற்ற இடத்தைவிட முக்கியம். மோனசைட் மணல் இருக்கிற இடத்தில் இயற்கையாகவே 'டிக்' அதிகம். பக்கத்தில் கேரளத்தின் கருநாகப்பள்ளியில் அப்படிப்பட்ட மணலில் வாழ்கிறவர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து, 2009ல் வெளியிட்ட ஆய்வில் புற்றுநோய் கூடுதலாகத் தெரியவில்லை என்று சொன்னார்கள். நல்ல செய்திதான். அதையும் எண்ணித்தானே சொன்னார்கள்?

எனக்குப் பிடித்த வாசிப்பு சி.ஏ.ஜி. அறிக்கை. மனைவி சிரிப்பாள். 2012ல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தைப் பற்றி சி.ஏ.ஜி. ஒரு அறிக்கை கொடுத்தார். கண்காணிக்க வேண்டிய வாரியம், யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அந்த அமைப்புக்கே கீழ்ப்பட்டு இருக்கிறது என்றார். அதைவிட என்னைத் தூக்கிவாரிப் போட்டது எக்ஸ்ரே கணக்கு. நாட்டில் இருந்த 57,443 மருத்துவ எக்ஸ்ரே நிலையங்களில் வாரியத்தில் பதிவு செய்திருந்தவை 5,270. மீதி 91 சதவிகிதம் யார் கணக்கிலும் இல்லை. கல்பாக்கத்தையும் கூடங்குளத்தையும் பற்றி டீக்கடையில் சண்டை போடுகிற நாம், முட்டுச்சந்து எக்ஸ்ரே கடையில் சட்டையைக் கழற்றிவிட்டு நிற்கும்போது ஒரு கேள்வி கேட்பதில்லை. உலகத்தில் ஒரு மனிதனுக்கு இயற்கையாக வருடத்துக்குக் கிடைப்பது சராசரியாக 2.4 மில்லிசீவர்ட். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று 0.1 அல்லது அதற்கும் குறைவு. வயிற்றுக்கு ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்தால் எட்டு, பத்து ஆகும். தேவைப்பட்டால் எடுத்தே ஆகவேண்டும். 'போன மாசம் வேற இடத்துல எடுத்தது செல்லாது, இங்கதான் எடுக்கணும்' என்று சொன்னால் மட்டும், ஏன் என்று கேளுங்கள்.

2025 டிசம்பரில் பார்லிமென்ட் புதிய அணுசக்தி சட்டம் கொண்டுவந்து, அந்த வாரியத்துக்கு ஒருவழியாகச் சட்ட அந்தஸ்து கொடுத்தது. 1983ல் பிறந்த பிள்ளைக்கு நாற்பத்திரண்டு வயதில் பர்த் சர்டிபிகேட். அதே சட்டம் தனியார் கம்பெனிகளுக்கும் அணு உலைக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. இனிமேல் கணக்கு எழுதப்போகிறவர்கள் அதிகம். அப்படியென்றால் தணிக்கைக்கும் ஆள் அதிகம் வேண்டாமா?

மாயாபுரியை மறந்திருப்பீர்கள். டெல்லியில் பழைய இரும்புக் கடைகள் நிறைந்த பகுதி. 2010 பிப்ரவரியில் டெல்லி பல்கலைக்கழகம் ஒரு பழைய கருவியை ஏலத்தில் விட்டது. வேதியியல் துறையில் 1985லிருந்து உபயோகமில்லாமல் கிடந்தது. உள்ளே கோபால்ட்-60. பேராசிரியர்கள் இருக்கிற இடம். ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. காயலான் கடையில் அதை உடைத்தார்கள். வெறுங்கையால் பிரித்தார்கள். பளபளவென்று இருந்ததில் ஒரு துண்டை ஒருவர் பர்ஸில் போட்டு வைத்துக்கொண்டார். கை கறுத்தது, முடி கொட்டியது. எட்டு பேர் ஆஸ்பத்திரியில், அதில் ஒருவர் இறந்தார். ஆஸ்பத்திரி டாக்டர்களுக்குச் சந்தேகம் வந்த பிறகுதான் நாட்டுக்கே தெரிந்தது.

பல்கலைக்கழகம், ஏலக்காரர், லாரி, குடோன், கடை. இந்த வரிசையில் எங்கேயாவது ஒரு இடத்தில், ஒரே ஒரு இடத்தில், எங்கள் மாடிப் பையன் செய்த மாதிரி ஒரு பெட்டி இருந்திருந்தால்? அந்தத் தொழிலாளி இன்று தன் பிள்ளைகளோடு சாப்பிட்டுக்கொண்டிருப்பார். எலெக்ட்ரானிக் தராசு வைத்திருக்கிற பழைய இரும்புக் கடையில் ஒரு கவுண்டர் ஏன் இருக்கக்கூடாது? முப்பது கிலோ இரும்பில் அரைக் கிலோ குறைந்தால் சண்டைக்கு வருகிறோமே!

* * *

இதற்கு நிபுணர்கள் சொல்லக்கூடிய பதிலும் எனக்குத் தெரியும். 'அரைகுறைகள் கையில் கவுண்டர் கொடுத்தால் ஊரெல்லாம் பீதிதான் பரவும்.' இதில் பாதி உண்மை இருக்கிறது, மறைக்கமாட்டேன்.

ஒரு நிமிடம் 14 காட்டும், அடுத்த நிமிடம் 27 காட்டும். ஒன்றும் ஆகியிருக்காது, அந்த எண்ணிக்கையின் இயல்பே அதுதான். பத்து நிமிடம் எண்ணி சராசரி எடுக்க வேண்டும். போன ஐப்பசியில் பையன் கார் பானெட் மேல் விழுந்த மழைத் தண்ணீரை டிஷ்யூ பேப்பரால் துடைத்து கவுண்டரில் வைத்தான். எண்ணிக்கை ஏறியது. காற்றில் இருக்கிற ரேடான் வாயுவின் மிச்சங்களை மழை கழுவிக்கொண்டு வருமாம். அரை மணிக்கு அரை மணி பாதியாகக் குறைந்து, சாயங்காலத்துக்குள் பழையபடி ஆகிவிட்டது. ஆதிகாலத்திலிருந்து பெய்கிற மழை. ஆனால் முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருந்தால் ஊர் என்ன ஆகியிருக்கும்? 'சிங்கப்பூர் டி.வி.யில் சொன்னார்கள், ராத்திரி 12.30 முதல் 3.30 வரை காஸ்மிக் கதிர், செல்போனை ஆஃப் பண்ணுங்கள்' என்ற புளுகை வருடா வருடம் ஃபார்வர்டு செய்கிற ஜனம் அல்லவா நாம்.

பெட்டிக்கும் எல்லை உண்டு. எக்ஸ்ரே ரூமுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அந்த நொடிப்பொழுது வீச்சை இந்தக் குழாய் சரியாக எண்ணாது. ரொம்ப அதிகமான கதிர்வீச்சில் சில குழாய்கள் திணறிப்போய் மௌனமாகிவிடும். 'டிக்' வரவில்லை என்றால் ஆபத்தில்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. இந்த மாதிரி தப்பை நிபுணர்களே செய்திருக்கிறார்கள். 1986ல் செர்னோபில் வெடித்த ராத்திரி, கையிலிருந்த மீட்டர்கள் மணிக்கு 3.6 ரான்ட்ஜன் காட்டின. அந்த மீட்டர்களில் அதற்கு மேல் எண்ணே கிடையாது! முள் முட்டி நின்ற இடத்தை நிஜ அளவு என்று மேலே சொல்லி அனுப்பினார்கள். அரைகுறைகள் எல்லாத் தரப்பிலும் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் டேவிட் ஹான் என்று ஒரு பையன். தொண்ணூறுகளில், பதினேழு வயதில், அம்மா வீட்டுத் தோட்டத்து ஷெட்டில் அணு உலை கட்டக் கிளம்பினான். விளக்கு மேன்டில்களைப் பொசுக்கி தோரியம் சேர்த்தான். 1995ல் அரசாங்கம் வந்து அந்த ஷெட்டையே பிரித்துப் பீப்பாயில் அடைத்து எடுத்துக்கொண்டு போனது. (மிச்சிகனில் அந்த இடத்தின் பெயர் காமர்ஸ் டவுன்ஷிப்! பி.காம்காரன் மனசு குளிர்ந்தது.) இந்தக் கதையைச் சொல்லித்தான் பிள்ளைகளை மிரட்டுவார்கள். அதில் எல்லாரும் விட்டுவிடுகிற ஒரு வரி இருக்கிறது. நாலைந்து வீடு தள்ளியும் தன் கவுண்டர் சத்தம் போடுவதைக் கேட்ட பிறகுதான் அவனே பயந்துபோய்ப் பிரிக்க ஆரம்பித்தான்.

சேர்ப்பது வேறு, எண்ணுவது வேறு. தோரியம் தேடிப் போகிற பையனைத் தடுங்கள். எண்ணுகிற பையனுக்கு ஒரு மேஜை போட்டுக் கொடுங்கள். அரசுப் பள்ளி இயற்பியல் லேபில் ஒரு கவுண்டர் வைத்து, தினமும் காலையில் பத்து நிமிடம் எண்ணிக் கரும்பலகையில் எழுதச் சொல்லலாம். வெயில் 38 டிகிரி என்று எழுதுவதற்குப் பக்கத்திலேயே எழுதட்டும். ஒரு வருடம் எழுதின பிள்ளைக்கு 14க்கும் 27க்கும் மனசு பதறாது. அந்தப் பிள்ளையிடம் எந்தக் கொம்பனும் ஸ்டிக்கர் விற்க முடியாது. 'எல்லாம் பத்திரமாக இருக்கிறது, நீ போய்த் தூங்கு' என்று எந்த அமைச்சரும் சொல்லிவிட்டுப் போகவும் முடியாது. இதற்கு வெளிநாட்டுக் கடன் வேண்டாம். ஒரு பள்ளி ஆண்டுவிழாவின் சாமியானா செலவுகூட ஆகாது.

அத்தை விஷயத்தை முடிக்கவில்லையே. டாலர் விற்றவருக்குப் போன் போட்டேன். கவுண்டர் பொரிந்த கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் உற்சாகமாக, "அதாங்க சார் அந்த எனர்ஜி! மெஷின்லயே காட்டுது பாத்தீங்களா! அந்த வீடியோ இருந்தா அனுப்புங்க சார்" என்றார்.

போனை வைத்துவிட்டேன்.

இப்போது டாலர் ஒரு பிஸ்கட் டின்னுக்குள், பரண் மேல், ஆள் படுக்காத பக்கமாக இருக்கிறது. குப்பையில் போட மனசு வரவில்லை, குப்பை பொறுக்குகிற பெண்மணி கையில்தானே போய்ச் சேரும்? எங்கே ஒப்படைப்பது என்று ஒரு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். லெட்டர் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். ஐந்து மாதம் ஆகிறது. அத்தை வாரத்துக்கு ஒருமுறை பரணைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: "ஏன்டா, நான் குடிச்ச தண்ணி?"